கூத்தருக்கு விருந்து வைத்த நன்னன்

ஆற்று நீரில் ஒரு மாங்காய் மிதந்து வந்தது. குளிக்கப் போன பெண் ஒருத்தி அதை எடுத்துத் தின்றுவிட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் காய் காய்த்த மரம் அரசனுடைய காவல் மரம். அவளைக் கொல்லும்படி அரசன் கட்டளையிட்டான்.

பெண்ணுக்கு ஈடாக 81 யானைகள் தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் எடைக்கு எடை பொன்னால் ஒரு பாவை செய்து தருவதாகவும் சொன்னார்கள். அரசன் இணங்கவில்லை. ஒரு மாங்காய்க்கு ஓர் உயிர் போயிற்று.

அந்த அரசனின் பெயர் நன்னன். மேற்குக் கடலோரத்தில், இப்போது கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள ஏழில் மலைப் பக்கத்தை ஆண்டவன் அவன் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய முடிவு. பரணர் என்ற பெரும் புலவர் இந்தக் கொடுமையைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் வைத்துவிட்டார். அதுவும் எப்படி? மகளைக் காதலன் கண்ணில் படாமல் இரவெல்லாம் விழித்திருந்து காக்கிறாள் ஒரு தாய். அவள் மேல் கோபம் கொண்ட தோழி, பெண் கொலை செய்த நன்னன் போன நரகத்துக்கே அந்தத் தாயும் போகட்டும் என்று சபிக்கிறாள். சாபம் கொடுப்பதற்கு உதவும் பெயராகிவிட்டது நன்னன் என்ற பெயர்.

பழி அவனோடு போகவில்லை. அவன் வழியில் வந்த இளவிச்சிக்கோ என்ற சிற்றரசனும், இளங்கண்டீரக்கோ என்ற மற்றொருவனும் ஒரு நாள் சேர்ந்து அமர்ந்திருந்தார்கள். பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் அங்கே வந்தார். கண்டீரக்கோவை மார்போடு தழுவிக்கொண்டார். விச்சிக்கோவைத் தொடவில்லை. காரணம் கேட்டதற்கு மறைக்காமல் சொன்னார். விச்சிக்கோவும் தழுவத் தக்கவன்தான். ஆயினும் நன்னன் மரபில் வந்தவன். அதோடு, அந்த மலையில் பாடி வருகிறவர்களுக்கு வாசல் கதவு அடைக்கப்பட்டிருந்தது. ஆகவே புலவர் கூட்டமே அந்த மலையை விலக்கி வைத்துவிட்டது. புறநானூற்றில் இருக்கிறது இந்தச் செய்தி. அரசர்கள் வாளுக்கு அஞ்சாமல் இருக்கலாம். பாணனும் புலவனும் விலக்கிவிட்டால் என்ன செய்வது?

இதே பெயரோடு, தமிழ்நாட்டின் இன்னொரு மூலையில் இன்னொரு மன்னன் இருந்தான். பாடி வந்தவர்களுக்கும் ஆடி வந்தவர்களுக்கும் அவன் என்ன செய்தான் என்பதுதான் இங்கே சொல்லப்போகும் வரலாறு.

செங்கத்து அரசன்

திருவண்ணாமலைக்கு மேற்கே இருக்கிறது செங்கம். அதன் பழைய பெயர் செங்கண்மா. ஊரை ஒட்டி ஜவ்வாது மலைத் தொடர் எழுந்து நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இந்த மலை, இப்போதைய கணக்கில் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. பலாவும் புளியும் தேனும் சாமையும் தினையும் அந்த மலையின் செல்வம். அங்கே பிறந்து, செங்கத்தைத் தொட்டுக்கொண்டு ஓடி, கடைசியில் பாலாற்றில் கலக்கிறது செய்யாறு. பழந்தமிழில் சேயாறு.

குன்றுகள் மலிந்த இந்த நாட்டுக்குப் பல்குன்றக் கோட்டம் என்று பெயர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் இதை ஆண்டவன் நன்னன் சேய் நன்னன். அதாவது நன்னனுடைய மகன் நன்னன். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர்.

அவனுடைய கோட்டை சாதாரணமானதல்ல. பாறையை வெட்டித் தோண்டிய அகழி. அதில் இரை தேடித் திரியும் முதலைகள். அகழிக்கு மேலே மலை போல் உயர்ந்த மதில். நவிரம் என்ற மலையின் மேல், நஞ்சுண்ட சிவபெருமான் கோயில் கொண்டிருந்தார். அந்த நவிர மலைதான் கடலாடி பக்கத்தில் உள்ள பருவதமலை என்பார் பலர். நன்னன் போர்க்களத்துக்கு அஞ்சியவனும் அல்ல. பகைவர் பலரைப் புறங்காட்டி ஓட வைத்து, அவர்களுடைய அரிய பொருள்களைக் கொண்டு வந்தவன். ஆனால் கொண்டு வந்த பொருள் கருவூலத்தில் தங்கவில்லை. புலவர்களின் கைக்குப் போயிற்று. புகழ்ந்து வந்தவர்களுக்கு நாடு முழுவதையும் கொடுத்தாலும் போதவில்லையே என்று நினைக்கிற மனம் அவனுக்கு.

அவன் எத்தனை போர் செய்தான், யாரை வென்றான் என்ற பட்டியல் யாருக்கும் நினைவில்லை. அவன் பெயர் நிலைத்தது ஒரே ஒரு பாட்டினால். மதுரைப் பக்கத்து இரணியமுட்டத்துப் பெருங்குன்றூரைச் சேர்ந்த பெருங்கௌசிகனார் என்ற புலவர், 583 அடிகளில் அவன் மேல் மலைபடுகடாம் என்ற பாட்டைப் பாடினார். பத்துப்பாட்டில் பத்தாவது பாட்டு அது. ஏட்டுச் சுவடியில் கிடந்ததை உ.வே.சாமிநாதையர் 1889-ல் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் ஏற்றினார்.

வெறும் புகழ்ச்சிப் பாட்டாக இருந்தால் இவ்வளவு நாள் நின்றிருக்காது. இது ஒரு வழிகாட்டிப் புத்தகம். வழிநடைக்காரருக்கு எந்த வழி நல்லது, எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும், எந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், போய்ச் சேர்ந்தால் அரசன் எப்படி நடந்துகொள்வான் என்று ஒன்று விடாமல் சொல்லும் பாட்டு. சொல்லுகிறவன் நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பி வருகிற ஒரு கூத்தன். கேட்கிறவர்கள் வழியில் எதிர்ப்படும் இன்னொரு கூத்தர் கூட்டம். கூத்தராற்றுப்படை என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு.

மலை ஏறிய கூட்டம்

அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். தலைவன் முன்னே போகிறான். பின்னால் குடும்பம் முழுவதும். ஆடுகிற பெண்களுக்கு விறலியர் என்று பெயர். வாத்தியங்கள் ஒன்றா இரண்டா? முழவு இருக்கிறது, ஆகுளி என்ற சிறுபறை இருக்கிறது, கஞ்சத் தாளம் இருக்கிறது. மயிற்பீலி கட்டிய கொம்பு, யானை மூச்சு விடுவது போல ஒலிக்கும் நீண்ட தூம்பு, சிறிய தூம்பு, புல்லாங்குழல், கரகரவென்று ஒலிக்கும் தட்டை, எல்லரி, பதலை. எல்லாவற்றையும் பைகளில் போட்டு, இருபக்கமும் எடை சரியாக இருக்கும்படி காவிக்கொண்டு போகிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் பலா மரத்தில் கொத்துக் கொத்தாகக் காய் தொங்குவது போல் இருக்கிறதாம். இவை போக, பேரியாழ் தனி.

விறலியர் நிலைமை பாவம். கல்லிலும் முள்ளிலும் நடந்து நடந்து பாதங்கள் தேய்ந்து சிவந்துவிட்டன. ஓடிக் களைத்த நாய் தொங்கவிட்ட நாக்கைப் போல இருக்கின்றன என்று புலவர் உவமை சொல்கிறார். தாமரைப் பாதம், செம்பஞ்சுப் பாதம் என்று வருணிக்கிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. நாய் நாக்கைச் சொன்னவர்கள் மிகச் சிலர்தான். உடன் நடந்து பார்த்தவருக்குத்தான் இப்படித் தோன்றும்.

மலை ஏறத் தொடங்கினால் முதலில் குறவர் குடியிருப்புகள். அங்கே தயங்க வேண்டியதில்லை. உறவுக்காரர் வீட்டில் நுழைவது போல நுழையலாம். தினைச் சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும் கிடைக்கும். இன்னும் மேலே போனால் மூங்கில் குழாயில் ஊற்றி முற்ற வைத்த தேன் கள். மானும் பன்றியும் உடும்பும். மூங்கில் அரிசிச் சோறு. பலாக்கொட்டை மாவும் புளியும் மோரும் கலந்து வைத்த குழம்பு. ஒவ்வொரு வீட்டிலும் குறத்தியர் தங்கள் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்திச் சோறு போடுவது போல வழியை மறித்துக்கொண்டு போடுவார்கள். இந்த உபசாரத்தில் மயங்கினால் நன்னனிடம் பரிசு வாங்கப் புறப்பட்டோம் என்பதே மறந்து போகலாம்.

சோறு உண்டு, ஆபத்தும் உண்டு. பன்றிக்கு வைத்த பொறியில் கால் சிக்கலாம். தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு ஆள் தெரியாது. மரத்தின் பின்னால் மறைந்து மறைந்து போக வேண்டும். குழிகளில் பாம்பு இருக்கும். வழுக்குப் பாறைகளில் கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டால் நடக்கக் கூடாது. மலைக் குகையில் சொந்த வீடு போலத் தங்கிவிட வேண்டும். வழி தவறிப் போனால் என்ன செய்வது? வாத்தியங்களை எடுத்து வாசித்தால் போதும். சத்தம் கேட்டுக் கானவர் வந்துவிடுவார்கள். பழம் கொடுத்து, முன்னே நடந்து வழி காட்டுவார்கள்.

இரவில் குகையில் படுத்திருக்கும்போது மலையின் சத்தங்கள் கேட்கும். அருவி விழுகிற ஓசை. புலியோடு மோதும் யானையின் பிளிறல். தேன் எடுத்தவர்களின் ஆரவாரம். தினை குற்றும் பெண்களின் பாட்டு. கரும்பாலையின் இரைச்சல். புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் காயம் ஆறுவதற்காக மனைவி பாடுகிற பாட்டு. உச்சிப் பாறையில் குறவர் தம் பெண்டிரோடு கள் குடித்து, மான் தோல் போர்த்த சிறுபறை முழங்க ஆடும் குரவைக் கூத்து. மலையே ஒரு பெரிய யானை, அதில் எழும் இந்த ஓசைகள் எல்லாம் அதன் மதநீர் என்று கற்பனை செய்தார் புலவர். மலைபடுகடாம் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

மலை இறங்கிக் காட்டு வழிக்கு வந்தால் கிளைப் பாதைகள் பல. சந்தியைத் துடைத்துச் சுத்தம் செய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிற புதியவர்கள் வழி தெரிந்துகொள்ள அது உதவும். வழியோரம் எண்ணிக்கையற்ற நடுகற்கள். போரில் இறந்த மறவர்களின் பெயர் எழுதி நட்ட கற்கள் அவை. அவற்றுக்கு முன்னால் யாழை மீட்டிப் பாடிவிட்டுத்தான் கூத்தர் போக வேண்டும். இது வெறும் கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்து, செங்கம் நடுகற்கள் என்ற பெயரில் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-ல் ஒரு புத்தகமே வெளியிட்டது. நன்னன் காலத்துக்குப் பின்பும் அந்த மண்ணில் கல் நடும் வழக்கம் ஓயவில்லை.

இடையர் இருப்பிடத்தில் கேட்காமலே பால் கிடைக்கும். தோல் படுக்கையும் குளிருக்கு நெருப்பும் உண்டு. வில்லும் கையுமாகக் காவல் நிற்கிறவர்களைக் கண்டு நடுங்க வேண்டாம். நன்னனிடம் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இறைச்சியும் கிழங்கும் கொடுத்துக் காப்பாற்றி அனுப்புவார்கள். அப்புறம் வயல்வெளி; வெள்ளைச் சோறும் மீனும். குயவன் சக்கரம் போல நுரை சுழன்று ஓடும் சேயாறு. அதன் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நேரே நன்னனுடைய ஊர்.

முற்றத்தில் ஓர் ஆட்டம்

அரண்மனை முற்றத்துக்குள் கால் வைத்ததும் கூத்தர் திகைத்துப் போவார்கள். மலை மக்கள் கொண்டு வந்து குவித்த காணிக்கைகள் அங்கே கிடக்கின்றன. காட்டுப் பசுவின் கன்று. கூரிய நகமுள்ள கரடிக் குட்டி. மான், கீரி, மயில், காட்டுக்கோழி. ஒரு பக்கம் பலாப்பழம். இன்னொரு பக்கம் தேன், கிழங்கு, மிளகு, சந்தனம், யானைத் தந்தம். கடலோடு கலக்கும் இடத்தில் காவிரி கொண்டு வந்து சேர்க்கும் பொருள்களைப் போல எல்லாம் குவிந்து கிடக்கின்றன.

நாடு முழுதும் திரண்ட திருவிழா ஆட்டமல்ல அது. அரசன், அவனைச் சூழ்ந்த வீரர்கள், சொல் வல்ல சான்றோர் சிலர். கூத்தர் குடும்பம் ஒன்று. சிறிய யாழில் மருதப் பண்ணைக் கூட்டினார்கள். விறலியரின் குரல் நரம்பின் ஓசையைத் தாண்டிப் போகாமல் அதனோடு இழைந்து வந்தது. முதலில் கடவுள் வாழ்த்து. பரம்பரை வழக்கம் அது. அப்புறம்தான் அரசனுடைய புகழ்.

சிறிய இடம், சில பேர், ஆட்டத்தோடு சாப்பாடு. இந்த ஏற்பாடு உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. ஸ்பெயின் தேசத்தின் தெற்கே கிரனாடா நகரத்தை ஒட்டிச் சாக்ரோமாந்தே என்று ஒரு குன்று இருக்கிறது. அதன் குகை வீடுகளில் ஜிப்ஸிகள் பிளமெங்கோ என்ற நடனம் ஆடுகிறார்கள். ஊர் சுற்ற வந்தவர்கள் சுவரோரம் நெருக்கிக்கொண்டு அமர்ந்து, சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும், கைக்கெட்டும் தூரத்தில் ஆட்டம் பார்ப்பார்கள். ஒரு கிதார், கைத்தட்டல், நெஞ்சைப் பிளக்கும் பாட்டு, தரை அதிரக் குதிகால் தட்டு. இந்த ஜிப்ஸிகளின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் என்று மொழி ஆராய்ச்சி சொல்கிறது. அங்கே பார்க்கிறவன் பயணி, ஆடுகிறவன் வீட்டுக்காரன். பயணி காசு கொடுத்து உட்காருகிறான். நன்னன் முற்றத்தில் இது தலைகீழ். கால் தேய நடந்து வந்த பயணிகள்தாம் ஆடுகிறார்கள். வீட்டுக்காரன் பார்க்கிறான், சோறும் அவன்தான் போடுகிறான்.

நடந்து களைத்த உடம்பு. புது இடம். எதிரே அரசன். ஒரு பாட்டில் சுருதி தவறலாம். ஒரு சொல் நினைவுக்கு வராமல் போகலாம். கற்றவர் நிறைந்த சபையில் அப்போது என்ன நடக்கும்? பல அரசவைகளில் ஏளனச் சிரிப்பு எழுந்திருக்கும். நன்னனுடைய சபையில் அப்படியில்லை. திறமை குறைந்தவர்கள் வந்தாலும் அவர்களுடைய குறையை மூடி மறைத்து, சொல்ல வந்ததைத் தாங்களே எடுத்துச் சொல்லி விளங்க வைத்து, மெல்ல நடத்திக் கொண்டு போவது அந்தச் சபையின் பழக்கம். வழிகாட்டும் கூத்தன் இதை மறக்காமல் சொல்கிறான். யானை தருவான், தேர் தருவான் என்பதற்கு வெகு முன்பாகவே, பாட்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். மேடை ஏறிப் பழக்கமுள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். பரிசு எல்லாம் அப்புறம். சிரிக்க மாட்டார்கள் என்ற தைரியம்தான் முதலில் வேண்டும்.

கூத்தர் தலைவன் தாங்கள் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்குவான். நன்னன் முடிக்க விடமாட்டான். நீங்கள் வந்ததே போதும், வழியில் பட்ட வருத்தமும் பெரிது என்று தடுத்துவிடுவான். கேட்கிற சங்கடத்தை அவர்களுக்கு வைக்கக் கூடாது என்பது அவன் எண்ணம். சந்தடி செய்யும் அந்தக் கூட்டத்தை, குழந்தை குட்டிகளோடு, தன் வலப்பக்கத்தில் இருத்திக்கொள்வான்.

மணலை எண்ணிய மனம்

அப்படி அவர்களை இருத்திய பின் நன்னன் மனத்தில் ஓடிய எண்ணத்தையும் புலவர் எழுதி வைத்திருக்கிறார். உயர்ந்த சிங்காதனத்தில் இருந்து, பரந்த நாட்டை ஆண்டு, கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் இல்லை என்று கையை விரித்த அரசர்கள் எத்தனையோ பேர். செத்தபோது அவர்கள் தங்கள் பெயரையும் கூடவே கொண்டு போய்விட்டார்கள். அவர்களுடைய எண்ணிக்கை, மலையிலிருந்து பாய்ந்து வரும் சேயாற்றின் மேட்டில் குவிந்த மணலைவிட அதிகம். ஆகவே தனக்கு விதிக்கப்பட்ட நாள்கள் புகழோடு கழியட்டும் என்று அவன் நினைத்தான்.

அரண்மனையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற ஆறு அது. மழைக் காலத்தில் செந்நீர் பெருகி வரும். வெயில் காலத்தில் மணல் மேடு. ஆண்டுதோறும் வெள்ளம் பழைய மணலை அடித்துக்கொண்டு போய்ப் புதிய மணலைப் போடும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு உவமை எதற்கு? ஏழில் மலையில் ஒரு நன்னன் இருந்தான் என்பதும், அவன் பெயர் எப்படி நிலைத்தது என்பதும் பாணர் வாய் வழியாக நாடெங்கும் பரவிய கதை. பெயர் செத்துப் போவது ஒரு கேடு; சாபமாக நின்றுவிடுவது அதைவிடப் பெரிய கேடு. செங்கத்து நன்னன் தன் பெயரை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெரிந்தவன். களைத்து வந்த ஒரு கூத்தர் குடும்பத்திடம் ஒப்படைத்தான்.

பரிசு பெற வந்த கூத்தர் மகிழ்ந்ததைவிட, அவர்களைப் பார்த்த நன்னன் அதிகம் மகிழ்ந்தான் என்கிறது பாட்டு. இனிமையாகப் பார்த்தான் என்றும் சொல்கிறது. பிறகு கந்தலாகிப் போன அவர்கள் உடைகளுக்குப் பதிலாக, நூல் ஓடும் இடமே தெரியாத மெல்லிய ஆடைகள் வந்தன. வேட்டை நாய்கள் பிடித்து வந்த கொழுத்த இறைச்சியும், நெடிய வெண்ணெல் அரிசிச் சோறும் குறைவில்லாமல் பரிமாறப்பட்டன. ஒரு நாள் விருந்து அல்ல அது. விருந்தாளி என்றால் முதல் நாள் வாழை இலை, மூன்றாம் நாள் தையல் இலை என்று நம் ஊரில் கேலி செய்வார்கள். நன்னன் வீட்டில் எத்தனை நாள் தங்கினாலும் முதல் நாள் காட்டிய அதே விருப்பம்.

சேயாற்றுப் பக்கத்தில் கூத்து இன்னும் அழிந்துவிடவில்லை. செய்யாறு வட்டாரத்துப் புரிசை கிராமம் தெருக்கூத்துக்குப் பெயர் போனது. வடாற்காட்டுக் கிராமங்களில் கூத்தாட வந்தவர்களுக்கு ஊர்க்காரர்கள் சோறு போட்டு, அதன் பின் விடிய விடிய ஆட்டம் பார்ப்பது பழைய வழக்கம்.

பாட்டில் விழுந்த நெருப்பு

இவ்வளவு நல்ல பாட்டுக்கும் ஒரு வம்பு வந்து சேர்ந்தது. பிற்காலத்து இலக்கண ஆசிரியர் ஒருவர், தீயை உவமையாகச் சொன்ன ஓர் இடத்தைக் காட்டி, இதில் ஆனந்தக் குற்றம் இருக்கிறது என்றார். ஆனந்தம் என்றால் இங்கே மகிழ்ச்சி அல்ல. பாடப்பட்டவனுக்குச் சாவைக் கொண்டு வரும் குற்றம். பல நூற்றாண்டுகள் கழித்து, நன்னனைப் பாட்டே கொன்றுவிட்டது போல ஒரு பேச்சு. நச்சினார்க்கினியர் அதை ஏற்கவில்லை. அகத்தியரும் தொல்காப்பியரும் சொல்லாத குற்றம் இது, சங்கத்துச் சான்றோர் பாட்டுக்கு இதை ஏற்றக் கூடாது என்று தள்ளிவிட்டார். சரியான தீர்ப்புதான். அந்தத் தீ வேறு எதுவும் அல்ல; மலையில் சிவக்கச் சிவக்கப் பூத்த காந்தள் பூவுக்குச் சொன்ன உவமை.

பல நாள் தங்கியபின் கூத்தருக்கு ஊர் நினைவு வந்துவிடும். சொல்லவும் தயக்கம். எங்கள் பழைய ஊருக்குப் போகலாமா என்று மெல்லக் கேட்பார்கள். நன்னன் வருத்தம் காட்ட மாட்டான். தடை சொல்லவும் மாட்டான். தலைவனுக்குப் பொன்னால் செய்த தாமரைப் பூ. விறலியருக்கு ஒளி வீசும் நகைகள். நீர் ஓடுவது போல வழுக்கி ஓடும் தேர்கள், மலை போன்ற யானைகள், மணி ஒலிக்கும் காளைகளோடு பசுக்கூட்டம், பொன் சேணம் பூட்டிய குதிரைகள், நிலத்தில் புதைந்து கிடந்த செல்வம். மலையில் மழை பெய்வது போலக் கொடுத்து முதல் நாளே விடை கொடுத்து அனுப்புவான்.

அவ்வாறு விடை பெற்ற ஒரு கூத்தன் பொன் தாமரையைச் சூடிக்கொண்டு மலைச் சாரலில் இறங்கி வருகிறான். எதிரே ஒரு கூட்டம். தோளில் பலாக்காய் போல் தொங்கும் வாத்தியப் பைகள். பின்னால் விறலியர், தேய்ந்து சிவந்த பாதங்களோடு. அவன் நின்றுவிடுகிறான். அவர்கள் புறப்பட்டு வந்தது நல்ல நேரம் என்று சொல்லி, நன்னன் ஊருக்குப் போகும் வழியை முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறான்.